மேலோர்க்கு நம் பணியை உணர்த்துமாறு

நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் பாயிரத்தை முதலிற் கற்பிப்பர். மாணாக்கர் அதனை முதலில் மறப்பர். நல்லாசிரியர்க்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாயினமை ஓரளவு நினைவிலிருக்கும். கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமையாயினமை, ஆசிரியர் வகுப்பில் அடிக்கடி எடுத்தாளுதலால், இன்னும் நன்றாக நினைவிலிருக்கும். அப்பாயிரத்தின் பிற்பகுதியிலே தற்புகழ்ச்சியைப்பற்றிப் பவணந்தி முனிவர் கூறிய விதியோ பெரும்பாலார்க்கு நினைவில் இல்லை. நம் கல்லூரியின் விழா மலராகிய இதிலே அவ்விதியை எடுத்துப் பேச விரும்புகின்றோம். புலவரை நோக்கிக் கூறப்பட்டதாயினும், துறைமுகத்திலும் கச்சேரியிலும் ஆலையிலும் வங்கியிலும் பாடசாலையிலும் மேலதிகாரி ஒருவரின்கீழ்ப் பணிபுரியும் நம் பழைய மாணவர் அனைவர்க்கும் அது பயன்படுவதொன்றாகும்.

எத்துணை ஆற்றல் உடையவனும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகுதியன்று என்பது முதலில் வரும் பொதுவிதி. நம்மவர் இதனைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டனர். ஆனால் முனிவர் அதனோடு நிற்கவில்லை. அடுத்த சூத்திரத்திலே நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி புலவர்க்குத் தகும் என்கின்றார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதுமிடத்தும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையிலே வாதுசெய்து வெல்ல முயலும்போதும், எதிரி தன்னைப் பழித்தவிடத்தும் அது குற்றமாகாது. பின்னிரண்டும் வாதப்போர் பற்றியவை; அவற்றை இங்கே விட்டுவிடுவோம். முன்னிரண்டுமே நமக்கு வேண்டியவை. அரசனுக்கு ஓலை எழுதுதலாவது சீட்டுக்கவி விடுத்தல். இன்றைய வழக்கிற் சொல்வதாயின் விண்ணப்பம், அறிக்கை, மின்னஞ்சல் யாவும் சீட்டுக்கவியின் வழித்தோன்றல்களே. தன் ஆற்றலை அறியாதாரிடையே ஒருவன் தன்னை அறிவித்துக்கொள்ளலாம் என்ற விதியோ மிக நுட்பமானது. அறிந்தவரிடம் சொல்லுதல் செருக்கு. அறியாதவரிடம் சொல்லுதல் செய்தி. பவணந்தியார் கண்ட வேறுபாடு இதுவே.

இவ்விதிகளுக்குச் சற்று முன்னே வேறொரு விதியும் உண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியார் அந்நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்போர். அஃதாவது, நம் பணியைப் பற்றிப் பிறர்வாயிலாகச் சொல்விப்பதற்கு ஓர் ஒழுங்கினையும் நம் முன்னோர் வகுத்திருந்தனர். இவ்வொழுங்கை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் என்னையெனில், நம் பகுதியிலே நன்றாக வேலை செய்வோர் பலர் அதனைச் சொல்லத் தெரியாதவராயிருத்தலே. ‘செய்த வேலை தானே பேசும்’ என்பது இங்கே அடிக்கடி கேட்கப்படும் வார்த்தை. ஒரே கூரையின்கீழ் முதலாளியும் தொழிலாளியும் இருந்த காலத்தில் அது ஓரளவுக்கு உண்மையாய் இருந்திருக்கலாம். கோணேசர் மலையடிவாரத்தில் நின்று பேசுவது கொழும்பிலே கேளாது. 1979 இல் இலங்கைத் துறைமுக அதிகாரசபை நிறுவப்பட்டதன் பின் நம் துறைமுகத்தின் தலைமைக் கந்தோர் கொழும்பிலேயே உள்ளது. ஏனைய திணைக்களங்கள் பலவற்றின் நிலையும் அஃதே. இடையிலே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வழியும், பல கோவைகளும், பல மேசைகளும் இருக்கின்றன. இவ்வளவையும் தாண்டி வேலை தானே பேசுவது யாங்ஙனம்?

நாம் அறிந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு பணிமனையின் களஞ்சியப் பொறுப்பில் இருந்தார். பொருள்களின் வரவு செலவு பழைய பேரேடுகளில் இருந்தமையால் ஓர் உதிரிப்பாகத்தைத் தேட அரைநாள் கழியும். அவர் தம் சொந்த முயற்சியால் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை வைத்து, இறாக்கைகளுக்கு இலக்கமிட்டு, தேடும் வேலையைச் சில நிமிடங்களுக்குள் அடக்கினார். எவரிடமும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. புதிதாக வந்த மேலதிகாரியின் கண்ணுக்குப் பேரேடுகள் எழுதப்படாமற் கிடப்பது மட்டுமே தெரிந்தது. அட்டைகளை அகற்றிப் பேரேட்டை மீண்டும் தொடங்குமாறு கட்டளை பிறந்தது. இங்கே நண்பர் இழந்தது ஒரு பதவியுயர்வை மட்டுமாயின் அதனை ஊழ் என்று விட்டிருப்போம். நல்லதோர் ஒழுங்கே அழிந்துபோயிற்று. பயன்கொண்டிருக்க வேண்டிய தொழிலாளரெல்லாம் மீண்டும் அரைநாள் காத்து நின்றனர். அடக்கத்தினால் விளைந்த நட்டம் அடக்கமுடையவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

எழுத்துத் துறையிலும் இக்கதையே. தமிழிலே தோன்றிய முதல் வரலாற்று நாவலென ஆராய்ச்சியாளர் பலராற் போற்றப்படும் ‘மோகனாங்கி’ 1895 இல் வெளிவந்தது. அதனை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையார். நம் வீதிகளில் நின்று பத்துப்பேரை வினவினால் எத்துணைப்பேர் இதனைச் சொல்வர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

இனி, வேலையைச் சொல்லும் முறைக்கு வருவோம். இதற்கு எடுத்துக்காட்டாக நாம் தேர்ந்தது ஒரு துறைமுகக் கந்தோர் லிகிதருடைய வரலாறு. துறைமுகப் பட்டினத்திலே வாழும் நமக்கு இது பொருத்தமென்று தோன்றுகின்றது. அவர் மாதம் 30 ரூபா வேதனத்தில் 1912 மார்ச் முதலாந் தேதி சென்னைத் துறைமுகத்துக் கந்தோரிற் சேர்ந்தார். பெயர் சீனிவாச இராமானுசன். 1887 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தைத் தவிர ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரிப் பரீட்சையிலே தேறாதவர். அவர் மேதை என்பதை இன்று உலகம் அறியும். அக்காலத்தில் அவரிடம் பட்டம் இல்லை, பதவி இல்லை, பணமும் இல்லை. கையில் இருந்தவை சில குறிப்புப் புத்தகங்களே. இந்நிலையிலிருந்து அவர் 1918 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கணிதம் செய்தார் என்பது யாவரும் அறிந்தது. தம் கணிதத்தை மேலோர்க்கு உணர்த்தும் கலையையும் அவர் அக்காலத்தே படிப்படியாகக் கற்றார் என்பதே நாம் இங்கு நோக்குவது.

முதலில் அவர் 1910 ஆம் ஆண்டளவிலே திருக்கோவலூருக்குச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் நிறுவிய இராமசுவாமி ஐயர் அங்கே துணைக் கலெக்டராக இருந்தார். இராமானுசன் வேண்டியது அத்திணைக்களத்தில் ஒரு சிறு லிகிதர் வேலை. குறிப்புப் புத்தகத்தைக் கண்ட ஐயர், இத்தகைய அறிவை அத்திணைக்களத்தின் அடிப்படியில் இட்டுப் புதைக்க மனமில்லாது, சென்னையிலுள்ள கணித அறிஞர்க்கு அவரை ஆற்றுப்படுத்தினார். அங்கே சேஷு ஐயர் இருந்தார். கும்பகோணத்தில் இராமானுசனுக்கு ஆசிரியராயிருந்தவர். அவர் நெல்லூர்க் கலெக்டராகிய இராமச்சந்திர ராவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். நன்னூலார் கூறிய ‘தன் ஆசிரியன்’ இங்கே பாயிரம் பாடியமை காண்க. உடன் கற்ற நண்பரும் ராவிடம் அவருக்காகப் பரிந்து பேசினர் என்பர். இராமானுசன் வாளா இருந்து பிறர் புகழட்டும் என்று காத்திருக்கவில்லை. தம்மைப் பற்றிப் பேசத் தக்கவர் எவரென்று அறிந்து அவரிடமே சென்றார்.

இராமச்சந்திர ராவைக் கண்ட நிகழ்ச்சியை, பிற்காலத்தில் ராவ் தாமே எழுதியிருக்கின்றார். குள்ளமாய், பருத்து, சவரமும் செய்யாத ஓர் இளைஞர். கண்களில் மட்டும் ஒளி. கக்கத்திலே நைந்த ஒரு குறிப்புப் புத்தகம். முதலிற் காட்டப்பட்டது ராவுக்கு விளங்கவில்லை. அவர் கணிதத்தில் நாட்டமுடையவராயினும் உத்தியோகத்தில் மூழ்கியவர். இது மேதையா பிதற்றலா என்று துணிய முடியாது, பின்னரும் வருமாறு சொல்லியனுப்பினார். மீண்டும் வந்த இளைஞரோ கலெக்டருடைய அறிவின் எல்லையை அளந்துகொண்டுவிட்டார். இம்முறை தம் முடிபுகளில் எளியனவற்றை முதலிற் காட்டினார். அவை அக்காலப் புத்தகங்களில் இல்லாதன என்பது ராவுக்குத் தாமாகவே விளங்கிற்று. பின் அடுத்த படி, அதன்பின் அதற்கடுத்த படி என்று ஏற்றிச் சென்று, ஈற்றிலே உலகம் அதுவரை அறியாத கொள்கையை முன்வைத்தார். ராவ் முற்றாக நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உண்ண ஒரு பிடி உணவு போதும் என்பதே விடையின் சாரம். மாதம் 25 ரூபா ஏறத்தாழ ஓராண்டு அவர்க்கு வந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் வகுப்பிலே பன்முறை எடுத்துரைத்ததுண்டு. கேட்போரின் அளவறிந்து சொல்லுதல் என்பதைப் பலர் தம் பொருளைக் குறைத்துச் சொல்லுதல் என்று மயங்குவர். இராமானுசன் எதனையும் குறைக்கவில்லை. வரிசையை மாற்றினார், அவ்வளவே. மேலதிகாரியைச் சந்திக்க வாய்த்த கால் மணியிலே, ஆறு மாத உழைப்பின் கடினமான முடிச்சை முதலில் அவிழ்க்கத் தொடங்குவோர் பலர். அவருக்கு அது விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல அவர் பதவி இடங்கொடாது. ஆதலின் ‘பார்ப்போம்’ என்பார். ‘பார்ப்போம்’ என்ற சொல்லின் பொருள் கந்தோரிற் பணிபுரிந்த எவர்க்கும் தெரியும்.

இவ்வாறு பிறர் கொடையில் வாழ விரும்பாத இராமானுசன் துறைமுகக் கந்தோருக்கு விண்ணப்பித்தார். 1912 பெப்புருவரி 9 ஆம் தேதி எழுதிய அவ்விண்ணப்பம் மிகச் சிறியது. மெற்றிக்குலேசன் தேறியமையையும், அதற்குமேற் படிப்பு இடையிலே தடைப்பட்டமையையும் மறையாது சொல்லி, அக்காலமெல்லாம் கணிதத்தில் ஈடுபட்டமையைக் குறித்து, வேலை தந்தால் அதனைச் செவ்வனே செய்வேன் என்ற உறுதியோடு முடித்தார். சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் கொடுத்த சான்றுரை ஒன்றும் உடன் சென்றது. குறையை மறைத்து எழுதும் விண்ணப்பங்கள் மிகுந்த இந்நாளில் இதன் நேர்மை கவனிக்கத்தக்கது.

கந்தோரிலே அவர்க்கு நல்லூழ் காத்திருந்தது. துறைமுகத்தின் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் ஒரு பொறியியலாளர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்பித்த முன்னாள் விரிவுரையாளர். இரவு நேரங்களிலே இவ்வையரும் லிகிதரும் கற்பலகைகளை வைத்துக்கொண்டு ஒன்றாகக் கணக்கிடுவர். இராமானுசன் ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவிவிடுவார். ஐயரோ, இரண்டு படிகளுக்கிடையே பத்துப் படிகளாவது எழுதினாலன்றி எனக்கே விளங்காது, பிறர்க்கு எங்ஙனம் விளங்கும் என்று வற்புறுத்துவாராம். நாராயண ஐயரைப் போன்ற ஒரு நண்பர் எந்தக் கந்தோரிலும் கிடைத்தற்கரியர். கிடைத்தால், அவர் சொல்லும் குறையைப் பொறுத்துக்கொள்ளுதல் வேண்டும். நம் வேலையை மேலோர் காணுமுன் நம்மீது அன்புள்ள, ஆனால் எளிதில் ஏமாறாத ஒருவர் காணவேண்டும். நாராயண ஐயரும் ஸ்பிறிங்கும் தம்கீழுள்ளவரின் திறமையைத் தமக்குப் போட்டியாகக் கருதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் இன்று மேலதிகாரிகளாக இருப்போரும் உளர்.

இப்பத்துப் படி எழுதாமையின் பலனை இராமானுசன் விரைவில் அனுபவித்தார். சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிறிபித், இலண்டனில் தம் ஆசிரியராயிருந்த பேராசிரியர் ஹில் என்பவர்க்கு 1912 இறுதியில் இராமானுசனுடைய முடிபுகள் சிலவற்றை அனுப்பினார். அவற்றுள் ஒன்று: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்களை முடிவின்றிக் கூட்டிச் சென்றால் வரும் பெறுமானம் மறை 1/12 என்பது. எட்டாம் வகுப்பு மாணவனும் நகைப்பான். உண்மையில் அதற்கு ஆழ்ந்த பொருளுண்டு. கூட்டல் என்ற சொல்லை விரிந்து செல்லும் தொடர்களுக்கு ஏற்ப வேறொரு முறையிற் பொருள்கொண்டால் அம்முடிபு சரியானதே. ஆனால் அப்பொருளை விளக்கும் ஒரு வரியும் உடன் செல்லவில்லை. ஹில் அதனைப் பிழையென்றே கொண்டு, விரிதொடர்களைக் கையாளும் எச்சரிக்கையை இவர் அறியவில்லை, இன்ன நூலைக் கற்கட்டும் என்று எழுதினார். ஹில்லைக் குறைகூறுவார் உளர், நாம் கூறமாட்டோம். பாயிரமின்றி அனுப்பிய நூல் அது.

பின்னர் இராமானுசன் தாமே சீட்டுக்கவி விடுக்கத் துணிந்தார். கேம்பிறிட்ஜ்ப் பேராசிரியர் இருவர்க்கு, பேக்கர், ஹொப்சன் என்போர்க்கு, எழுதினார், உதவி கிடைக்கவில்லை. மூன்றாவதாக 1913 ஜனவரி 16 ஆம் தேதி எழுதிய கடிதம் திறினிற்றிக் கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு. அறிமுகமில்லாத பெரியார்க்கு எழுதிய கடிதங்களுள் இதனைப் போலப் பயன் விளைத்தது வேறு உண்டோ என்பது ஐயமே. அதன் அமைப்பைச் சற்றே ஆராய்வோம்.

முதல் வரியிலே தாம் யார் என்பதைச் சொல்லிவிடுகின்றார்: சென்னைத் துறைமுகக் கந்தோரின் கணக்குப் பகுதியில், ஆண்டுக்கு 20 பவுண் மட்டுமே வேதனம் பெறும் ஒரு லிகிதர். பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்பதையும் உடனே சொல்லுகின்றார். இவை இரண்டும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. துன்பக் கதை நீளவில்லை. அடுத்து வருவதுதான் உயிர்நாடி. ஹார்டி தாம் எழுதிய ஒரு சிறு நூலின் 36 ஆம் பக்கத்திலே, ஒரு குறித்த எண்ணுக்குட்பட்ட பகா எண்கள் எத்துணை என்பதற்குத் திட்டமான சூத்திரம் இதுவரை காணப்படவில்லை என்று எழுதியிருந்தார். இராமானுசன் அப்பக்கத்தையே சுட்டி, உண்மைக்கு மிக அணித்தான ஒரு சூத்திரத்தைத் தாம் கண்டதாகக் கூறுகின்றார். அதாவது, என் வேலையைப் பாரும் என்று தொடங்காது, உமது நூலில் நீர் திறந்து வைத்த கதவின் வழியே வருகின்றேன் என்று தொடங்குகின்றார். இதிலே முகமன் இல்லை. ஹார்டியைக் கணிதச் சக்கரவர்த்தி என்றோ கற்பகதரு என்றோ அவர் புகழவில்லை. ஒருவர் எழுதியதைப் பக்க எண்ணோடு கருத்தூன்றிப் படித்திருத்தலினும் சிறந்த மரியாதை அவர்க்கு வேறில்லை.

அதன்பின் பல தாள்களில் தேற்றங்கள். ‘நான் திறமைசாலி’ என்ற வாக்கியம் எங்கும் இல்லை. திறமையே அங்கு வைக்கப்பட்டிருந்தது. இறுதியிலே வேண்டுகோள் தெளிவாயிருந்தது: இவற்றிற் பெறுமதியுடையது ஏதேனும் உண்டென்று நீர் நம்பினால், நான் வறியவனாதலின், வெளியிட உதவுக. கேட்டது இன்னதென்று தெரியாத கடிதத்துக்கு மறுமொழி எழுதுவது எவர்க்கும் அரிது.

வியப்பான ஒன்றையும் மறையாது சொல்லவேண்டும். பகா எண் பற்றி அவர் உரிமை பாராட்டிய அச்சூத்திரம் அவர் கருதிய அளவு செம்மையானதன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. அனுப்பிய ஏனைய தேற்றங்களுட் சில ஏற்கெனவே பிறர் கண்டவை. எனினும் அவற்றிடையே ஹார்டியும் அவர் நண்பர் லிற்றில்வுட்டும் முன்பு கண்டிராதன பல இருந்தன. அவை உண்மையாகவே இருக்கவேண்டும், உண்மையல்லாதாயின் அவற்றைக் கற்பனை செய்யும் ஆற்றல் எவர்க்கும் இராது என்பது ஹார்டியின் முடிபு. 1913 பெப்புருவரி 8 ஆம் தேதி அவர் மறுமொழி எழுதினார். தேற்றங்களை அறிந்தவை, புதியவையும் சுவையுடையவையும், புதியவையும் முக்கியமானவையும் என மூவகையாகப் பகுத்து, நிறுவல்களைக் கேட்டார்.

இராமானுசன் பெப்புருவரி 27 ஆம் தேதி விடுத்த இரண்டாம் கடிதத்திலே மறை 1/12 மீண்டும் வருகின்றது. ஆனால் இம்முறை, இதனைச் சொன்னால் நீர் எனக்குப் பைத்தியசாலைக்கு வழிகாட்டுவீர் என்ற பொருள்பட முன்னறிவித்து, முறையை விளக்காது முடிபை மட்டும் சொன்னால் எங்ஙனம் தோன்றும் என்பதற்கே அதனைக் காட்டாக்குகின்றார். ஹில்லிடம் இடறிய கல்லை ஹார்டியிடம் படியாக்கிவிட்டார். அக்கடிதத்திலேயே தம் தேவையையும் மறைக்கவில்லை: அரைப்பட்டினியாக இருக்கின்றேன், உம்மிடமிருந்து ஆதரவான ஒரு கடிதம் வந்தால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவிப்பணம் பெற அது துணையாகும் என்கின்றார். ஹார்டி தாமே பணம் தரவேண்டும் என்று கேட்கவில்லை. ஹார்டியால் எளிதிற் செய்யக்கூடியது எது, அது சென்னையில் எவரிடத்தே பயன்படும் என்று கணக்கிட்டுக் கேட்டார். கணக்கிலே வல்லவர் அன்றோ!

இதற்கிடையில் ஸ்பிறிங், சென்னைக்கு வந்த வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பேட் வோக்கரிடம் குறிப்புப் புத்தகங்களைக் காட்டினார். வோக்கரும் கேம்பிறிட்ஜிலே கணிதம் கற்றவர்; உடனே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். 1913 மே மாதந்தொடக்கம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கப்பட்டது. நிபந்தனை ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை அறிக்கையாகச் சமர்ப்பிக்கவேண்டும். இராமானுசன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மூன்றாவது 1914 மார்ச் 9 ஆம் தேதியது. அம்மாதம் 17 ஆம் தேதி கப்பலேறினார். மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை எழுதச் சொல்லும் மேலதிகாரியை ஏசும் நம் இளைஞர், எண்களின் உலகிலே வாழ்ந்த அம்மனிதரும் அதனை எழுதினார் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

‘அவர் மேதை, நாம் சாதாரணர், நமக்கு இது பொருந்துமோ?’ என்று வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். நல்ல வினா. மேதையின் வேலைக்கே பாயிரம் தேவைப்பட்டதாயின் நம் வேலைக்கு எத்துணை தேவை என்று விடையளித்தோம்.

எழுத்தினால் மட்டுமன்றிக் கண்ணெதிரே காட்டுதலாலும் பணியை உணர்த்தலாம் என்பதற்கு நம் திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணிபுரிந்த விபுலானந்த அடிகளார் சான்று. பழந்தமிழ் யாழ்கள் வழக்கொழிந்து நெடுங்காலமாயின. அவற்றின் அமைப்பையும் இசைமுறையையும் சிலப்பதிகாரம் முதலிய நூல்களினின்று கணித முறையால் மீட்டுணர்ந்து அவர் ‘யாழ் நூல்’ இயற்றினார். புலவர்க்கு இசைக்கணிதம் புதிது. இசைவாணர்க்குப் பழந்தமிழ் இலக்கணம் புதிது. இரு சாராரும் ஐயுறுதற்கு இடமிருந்தது. 1947 ஜூன் 5, 6 ஆந் தேதிகளிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில் நூல் அரங்கேறியபோது, அவர் கண்ட முறைப்படி அமைந்த யாழ் அவையிலே இசைக்கப்பட்டது. வாதத்தால் முடியாததைக் காதுகள் முடித்துவைத்தன. அவ்வாண்டு ஜூலை 19 ஆம் தேதி அடிகளார் மறைந்தார். ஏழு வாரம் பிந்தியிருப்பின் அவர் தம் நூலின் அரங்கேற்றத்தைக் கண்டிரார்.

இனி நம் கந்தோர்களுக்குத் திரும்புவோம். சிறப்புப்பாயிரத்திலே சொல்லப்படவேண்டியவை எட்டென்பது நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். மேலதிகாரிக்கு எழுதும் ஒரு பக்க அறிக்கைக்கு இதனினும் நல்ல சட்டகத்தை நாம் எந்த முகாமைத்துவப் புத்தகத்திலும் கண்டிலம். வழி என்பது முன்னோர் செய்ததையும் உடனிருந்தோர் செய்ததையும் ஏற்றுக்கொள்ளுதல். நால்வர் சேர்ந்து செய்த வேலையை ஒருவர் தம் பெயரில் எழுதுவது இங்கேதான் பிடிபடும். ஏனைய மூவரும் அவ்வறிக்கையை என்றோ ஒருநாட் படிப்பர் என்று எண்ணி எழுதுதல் நன்று. எல்லை என்பது எதுவரை முடிந்தது, எது முடியவில்லை என்பது. நம்மவர் கூசி விடுவது பயன். ‘அட்டைமுறை அறிமுகஞ் செய்யப்பட்டது’ என்று எழுதி நிறுத்துவர். முன்பு அரைநாள் எடுத்தது இப்போது எத்துணை நிமிடம், அதனால் எந்த இயந்திரம் எத்துணை நேரம் நிற்காது ஓடிற்று என்பதை எழுதார். மேலதிகாரிக்கு வேண்டியது அதுவே. அவர் தமக்கு மேலுள்ளவர்க்குச் சொல்லவேண்டியதும் அதுவே.

கேட்போர் என்ற உறுப்பைப் பற்றி மேலே போதியவளவு சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் சேர்ப்போம். கீழிருப்போர் செய்ததைத் தம் செயலாகக் காட்டும் மேலதிகாரிகளும் உளர். அத்தகையோரிடத்தும், செய்ததைத் தேதியிட்டு எழுத்தில் வைத்து, உரியவர் அனைவர்க்கும் பிரதி அனுப்புதல் முறைகேடன்று. ஓலையைத் தூக்கும்போது மன்றத்தார் யாவரும் கேட்கத் தூக்குவதே பழைய வழக்கம்.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரியவேண்டும். பொதுவிதி பொதுவிதியே. ஒருமுறை அறிவித்தபின் மேலதிகாரி நம் ஆற்றலை அறிந்தவராகிவிடுகின்றார். அறியாதாரிடை என்ற விலக்கு அக்கணமே நீங்கிவிடுகின்றது. அதே செய்தியை மறுநாளும் கூட்டத்திலும் விருந்திலும் சொல்லிக்கொண்டிருப்பவர்க்கு நன்னூலில் இடமில்லை; மேலதிகாரியின் அறையிலும் நெடுநாள் இராது.

உத்தியோகத்திலிருக்கும் பழைய மாணவர் சிலர் தம் அறிக்கைகளையும் பதவியுயர்வு விண்ணப்பங்களையும் நம்மிடம் கொண்டுவந்து தமிழ் திருத்திச் செல்வதுண்டு. இனியும் வரலாம், பாடசாலை விட்டபின் தமிழ் அறையில் இருப்போம். விண்ணப்பத்தோடு அது எந்த வேலையைப் பற்றியதோ அவ்வேலையின் ஒரு சிறு பகுதியையும், அட்டையாயினும் வரைபடமாயினும் கணக்குத் தாளாயினும், கையோடு கொண்டுவருக. நமக்கு விளங்கும்வரை விளக்கவேண்டியிருக்கும். பத்துப் படிகள் கேட்போம். இரண்டு பக்கத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை நாம் வாசிப்பதில்லை.